மின்சாரக் கார் வருகிறதாம்! பிளக் சொருக இடம் எங்கே?



மேடைக்கு மேடை ஒரே முழக்கம்: “இனி எல்லாம் மின்சாரக் கார்தான்!” பெட்ரோல் போய்விடுமாம், டீசல் போய்விடுமாம், புகையும் போய்விடுமாம். கேட்கக் காது குளிர்கிறது. சயான் சிக்னலில் முப்பது வருஷமாகப் புகையை விழுங்கி இருமுகிற டாக்சி டிரைவருக்கு இதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்?

ஆனால் புகை போகும்போது கூடவே டிரைவரும் போய்விடுவானா என்பதுதான் நமது கேள்வி.

இது வெறும் மேடைப் பேச்சு அல்ல. மும்பையின் காற்று கெட்டுப்போனது பற்றித் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கில், 2025 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பெட்ரோல், டீசல் வண்டிகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, சி.என்.ஜி. வண்டிகளையும் மின்சார வண்டிகளையும் மட்டும் ஓடவிட முடியுமா என்று ஆராயச் சொன்னது. மகாராஷ்டிர அரசும் அதே மாதம் ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தது. இன்றைக்குப் பெட்ரோல், டீசல் என்றால், நாளைக்கு சி.என்.ஜி.க்கும் நாள் குறிக்க மாட்டார்கள் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, நமது சங்க அறையில் டிரைவர் தோழர்கள் கூடினார்கள். டாக்சி ஓட்டுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கம்பெனிக் காரில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள் என்று இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். இளைஞர் ஒருவர் கையில் வழவழப்பான நோட்டீஸ் வைத்திருந்தார். “முன்பணம் குறைவு. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் செலவு. நான் காலி-பீலியை விற்றுவிட்டு மின்சாரக் கார் எடுக்கப் போகிறேன்” என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த மூத்தவர் ஒருவர் சிரித்தார். “தம்பி, அது பணக்காரன் விளையாட்டுச் சாமான். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை” என்றார். பதினொரு மணி வரை வாக்குவாதம். முடிவு ஏற்படவில்லை.

அந்த இளைஞருக்கும் அந்தப் பெரியவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி நம் குடும்பங்களைக் கவிழ்த்துவிடும்.

நாம் மின்சாரத்துக்கு எதிரிகளா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மின்சார வண்டி நமக்குப் புதிது அல்ல. 1925 பிப்ரவரி 3ஆம் தேதி விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. நூறு வருஷம் முடிந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1907லேயே இந்த ஊரில் மின்சார டிராம் ஓடியது. 1964இல் அதை நிறுத்தினார்கள். இன்றைக்கும் தாராவியிலிருந்தும் கோலிவாடாவிலிருந்தும் மான்கூர்டிலிருந்தும் வேலைக்குப் போகிற நம் மக்கள் மின்சாரத்தில்தான் போகிறார்கள். லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டு போகிறவனைவிடப் பெரிய மின்சாரப் பயணி இந்த நாட்டில் எவன்?

ரயில்வேயில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள் நாம். கரி எஞ்சின் போய் டீசல் வந்ததையும், டீசல் போய் மின்சாரம் வந்ததையும் ரயில்வே குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ரயிலுக்கு மின்சாரம் வந்தபோது கம்பத்தை யார் நட்டது? கம்பியை யார் இழுத்தது? எஞ்சினை யார் வாங்கியது? ரயில் நிர்வாகம். கம்பம் நட எஞ்சின் டிரைவர் தன் மனைவியின் தாலியை அடகு வைக்கவில்லை.

டாக்சிக்காரனிடம் மட்டும் “காரை நீயே வாங்கு, பேட்டரியை நீயே வாங்கு, பிளக் சொருகும் இடத்தையும் நீயே தேடிக்கொள்” என்கிறார்கள். இதுதான் தகராறு. மின்சாரத்தோடு நமக்குத் தகராறு இல்லை.

நோட்டீஸில் இல்லாத கணக்கு

“கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்” என்கிறது நோட்டீஸ். பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வீட்டுக்காரியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஏனென்றால் கடன் கட்டும்போது அவர் நகையும் சேர்ந்துதான் போகும்.

ஒரு டாக்சி ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓடுகிறது என்று வைப்போம். மாதம் 3,000 கிலோமீட்டர்.

சி.என்.ஜி. கிலோ 80 ரூபாய் என்று வைப்போம். நம் ஊர் நெரிசலில் கிலோவுக்கு 24 கிலோமீட்டர் கிடைக்கும் என்று வைத்தால், மாதம் 125 கிலோ. செலவு 10,000 ரூபாய்.

சிறிய மின்சாரக் கார் ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏழரை கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், மாதம் 400 யூனிட். சொந்த இடத்தில், சொந்த மீட்டரில், யூனிட் 8 ரூபாய்க்குக் கிடைத்தால் 3,200 ரூபாய். ஆக 6,800 ரூபாய் மிச்சம். நோட்டீஸ் சொல்வது இதைத்தான். இது பொய் அல்ல.

அடுத்த பக்கத்தை நோட்டீஸ் சொல்லவில்லை. டாக்சிக்கு ஏற்ற சிறிய சி.என்.ஜி. காரின் ஷோரூம் விலை சுமார் 6 லட்சம். நாலு பேரும் பெட்டியும் போகக்கூடிய, நாள் முழுக்கத் தாங்கும் பேட்டரியுள்ள மின்சாரக் கார் 9 லட்சத்தைத் தொடுகிறது. அதைவிடக் குறைந்த விலையிலும் குட்டிக் கார் உண்டு. ஆனால் தாதர் டெர்மினசில் இரண்டு பெட்டியோடு இறங்குகிற பயணியை அதில் எங்கே ஏற்றுவது? வித்தியாசம் 3 லட்சம். இந்த 3 லட்சத்தை மட்டும் 12 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 6,670 ரூபாய்ச் சுற்றில் வரும்.

மிச்சம் 6,800. கூடுதல் தவணை 6,670. கையில் நிற்பது 130 ரூபாய்!

நாம் நியாயமாகவே கணக்குப் பார்ப்போம். மின்சாரக் காரில் எஞ்சின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை. அந்த வகையில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் மொத்தம் 1,130. பரவாயில்லை, நஷ்டம் இல்லை. கடன் தீர்ந்த பிறகு லாபமும் உண்டு. ஆனால் இத்தனையும் சொந்த இடமும் சொந்த மீட்டரும் இருக்கிறவனுக்கு.

இப்போது அதே காரை வெளியே சார்ஜ் செய்து பாருங்கள். கடைத்தெருவிலும் மால்களிலும் இருக்கும் சார்ஜ் நிலையங்களில் வரியெல்லாம் சேர்த்து யூனிட் 20 ரூபாய் என்று வைப்போம். 400 யூனிட்டுக்கு 8,000 ரூபாய். சி.என்.ஜி.யைவிட மிச்சம் 2,000. பராமரிப்பு மிச்சம் 1,000. கூடுதல் தவணை 6,670. மாதம் 3,670 ரூபாய் நஷ்டம்! அதோடு தினமும் ஒரு மணி நேரம் சார்ஜ் நிலையத்தில் காத்திருந்தால், மாதத்தில் 25 மணி நேரம் போயிற்று. இரண்டு, மூன்று நாள் வருமானத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

ஆகவே தோழர்களே, கார் கட்டுப்படியாகுமா என்று கேட்டால் காரைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. ராத்திரி அந்தக் கார் எங்கே படுக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பத்துக்குப் பத்து கோலியில் வாழ்கிறவன்

மலபார் ஹில்லில் இருக்கிறவன் கார் கீழே பார்க்கிங்கில் படுக்கும். சுவரில் பிளக் இருக்கும். காலையில் பேட்டரி நிறைந்திருக்கும்.

நம்மவர் கார் எங்கே படுக்கிறது? தொண்ணூறடி ரோட்டோரத்தில். லேபர் கேம்ப் சந்து முனையில். பாலத்துக்கு அடியில். வீடோ சாலில் மூன்றாவது மாடி, பத்துக்குப் பத்து கோலி. அங்கிருந்து வயரை ஜன்னல் வழியாக விட்டு, பக்கத்து வீட்டு அம்மாள் துணி காயப்போட்ட கொடியைத் தாண்டி, தண்ணீர்க் குழாயைத் தாண்டி, ரோட்டில் நிற்கும் காருக்குக் கொண்டுவர வேண்டுமாம்! மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் அந்த வயர் கிடந்தால் கார் ஓடுமோ இல்லையோ, உயிர் போகும்.

குடிசை மாற்றுத் திட்டத்தில் 300 சதுர அடி வீடு கிடைத்தவர்கள் நம்மில் உண்டு. அந்தக் கட்டிடங்களில் நம் ஆட்டோவுக்கே நிற்க இடம் கிடையாது. கார் சார்ஜ் செய்ய இடம் கேட்டால் சொசைட்டி சேர்மன் சிரிப்பார். வீட்டு மீட்டரிலேயே போடலாம் என்றால், வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். வீட்டுச் செலவுக்கு மேலே கார் தின்கிற 400 யூனிட்டையும் ஏற்றினால், நாம் மேலே போட்ட 8 ரூபாய்க் கணக்கு அன்றைக்கே உடைந்துவிடும். மின்வண்டிக்கென்று தனிக் கட்டண வகை மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அந்த மீட்டரைப் பொருத்தச் சொந்தச் சுவர் வேண்டுமே!

இன்னொன்றும் கவனியுங்கள். நம் டாக்சிகளில் பல இரண்டு ஷிப்டில் ஓடுகின்றன. பகலில் ஒருவர், இரவில் ஒருவர். ஒரே வண்டியில் இரண்டு அடுப்பு எரிகிறது. சாதாரண பதினைந்து ஆம்பியர் பிளக்கில் காலி பேட்டரி நிறைய எட்டு மணி நேரமாகும். தூங்காத வண்டியை எப்போது சார்ஜ் செய்வது? யாராவது ஒருவர் ஷிப்டை விட வேண்டும். எந்த அடுப்பை அணைப்பது?

கடன் முடியுமுன் முடிகிற உத்தரவாதம்

காரின் உயிர் பேட்டரியில் இருக்கிறது. அதற்குப் பல கம்பெனிகள் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் தருகின்றன. எட்டு வருஷம் என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். “அல்லது” என்பதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு உத்தரவாதம் முடிந்தது.

ஆபீசுக்குப் போய் வருகிற கார் வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும். அதற்கு எட்டு வருஷமும் கிடைக்கும். நம் டாக்சி மாதம் 3,000 ஓடுகிறது. 1,60,000 கிலோமீட்டர் 54வது மாதத்தில் முடிந்துவிடும். கடனோ 60 மாதம். உத்தரவாதம் செத்த பிறகும் ஆறு மாதம் தவணை கட்ட வேண்டும். அந்த ஆறு மாதத்தில் பேட்டரிக்கு ஏதாவது வந்தால் யார் பொறுப்பு? சில மாடல்களுக்கு ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று சொல்கிறார்கள். அது சொந்த உபயோகத்துக்கு வாங்குகிற முதல் உடைமையாளருக்கு. வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு வேறு சட்டம்.

பேட்டரி உடனே செத்துவிடும் என்று பயமுறுத்த நாம் வரவில்லை. நன்றாகப் பராமரித்தால் அதற்கு மேலும் ஓடும். ஆனால் “ஓடும்” என்கிற நம்பிக்கையை டிரைவர் தலையில் மட்டும் ஏன் கட்டுகிறீர்கள்? அவ்வளவு நம்பிக்கை இருந்தால் கம்பெனியே எழுதிக் கொடுக்கட்டும்!

யாருக்குச் சலுகை? யாருக்குச் சுமை?

இங்கேதான் வயிறு எரிகிறது.

மின்சார வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரியை 2019 ஆகஸ்டில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நல்லது. 2025 செப்டம்பரில் வரிகளை மாற்றியபோது சிறிய பெட்ரோல், சி.என்.ஜி. கார்களுக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40 சதவீதம் என்று வைத்தார்கள். மின்சாரக் காருக்கு அதே 5 சதவீதம். சிறிதாக இருந்தாலும் சரி, அரண்மனை மாதிரி இருந்தாலும் சரி, 5தான்.

இதன் பொருள் என்ன? எட்டரை லட்ச ரூபாய்க்கு மின்சாரக் கார் வாங்குகிற நம் டிரைவருக்குச் சிறிய சி.என்.ஜி. காரோடு ஒப்பிட்டால் கிடைக்கும் வரிச் சலுகை சுமார் ஒரு லட்சம். அறுபது லட்ச ரூபாய்க்கு மின்சாரக் கார் வாங்குகிற சீமானுக்குப் பெரிய பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் கிடைக்கும் சலுகை சுமார் இருபது லட்சம்! உழைக்கிறவனுக்கு ஒன்று, உல்லாசமாகப் போகிறவனுக்கு இருபது. இது சுற்றுச்சூழலைக் காக்கும் வரியா, சீமானைக் காக்கும் வரியா?

2025 மார்ச்சில் மகாராஷ்டிர பட்ஜெட்டில் 30 லட்சத்துக்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 6 சதவீத வரி என்று அறிவித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் வாபஸ்! அதே பட்ஜெட்டில் சொந்த உபயோக சி.என்.ஜி. கார்களுக்கு மோட்டார் வரியை ஒரு சதவீதம் கூட்டினார்கள். அது வாபஸ் ஆகவில்லை. முப்பது லட்சத்துக்காரன் முகம் சுளித்தால் அரசுக்கு உடனே தெரிகிறது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி சி.என்.ஜி. கார் வாங்கிய குமாஸ்தாவின் முகம் தெரிவதில்லை.

மின்சார நாலு சக்கர வண்டிகளுக்கு அடல் சேதுவிலும் மும்பை-புனே விரைவுச் சாலையிலும் சுங்கம் இல்லை என்கிறார்கள். அடல் சேதுவில் ஆட்டோவுக்கு அனுமதியே இல்லை. நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜ் நிலையம் என்கிறது மாநிலத்தின் 2025ஆம் ஆண்டுக் கொள்கை. குர்லா ஸ்டேஷன் டாக்சி ஸ்டாண்டில் எத்தனை என்று கேட்கிறோம்.

மத்திய அரசு முன்பு நடத்திய ஃபேம் இரண்டாம் திட்டத்தில், 15 லட்சத்துக்குள் விலையுள்ள வாடகை மின்சாரக் கார்களுக்காவது மானியம் இருந்தது. அது 2024 மார்ச்சோடு முடிந்தது. அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு ஒதுக்கியது 10,900 கோடி ரூபாய். பஸ்ஸுக்கு வைத்தார்கள், லாரிக்கு வைத்தார்கள், ஸ்கூட்டருக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் வைத்தார்கள். டாக்சிக்காரன் வாங்கும் காருக்கு இல்லை. மாநில அரசின் கொள்கையில் வாடகைக் காருக்கும் மானியம் இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. அந்தப் பணம் ஷோரூமிலேயே விலையில் கழிந்தால் நம் கணக்கு மாறும், தவணை இறங்கும். “முதலில் முழுப் பணத்தைக் கட்டு, பிறகு மானியம் வரும்” என்றால் அந்தப் “பிறகு” வரும்வரை வட்டிக்காரன் வாசலில் நிற்பது யார்?

“நீ வாங்க வேண்டாம், ஓட்டினால் போதும்”

இன்னொரு வலையும் விரிக்கிறார்கள். காரைக் கம்பெனியே வாங்குமாம், சார்ஜும் அதுவே செய்யுமாம், நாம் ஓட்டிக்கொண்டு கூலி வாங்கினால் போதுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

டெல்லியிலும் பெங்களூரிலும் புளூஸ்மார்ட் என்ற கம்பெனி மின்சார டாக்சிகளை ஓட்டியது. வண்டிகள் சுத்தம், பயணிகளுக்குத் திருப்தி. 2025 ஏப்ரலில் ஒரே வாரத்தில் சேவை நின்றது. அதோடு தொடர்புள்ள ஜென்சால் கம்பெனி பற்றி செபி தன் இடைக்கால உத்தரவில் சொன்னதைக் கேளுங்கள். 6,400 மின்சாரக் கார்கள் வாங்க 663 கோடிக்கு மேல் கடன் பெற்றார்கள். வாங்கியது 4,704 கார்கள்தான். பணத்தில் ஒரு பகுதி குர்காவ் சொகுசுக் குடியிருப்பில் ஃபிளாட் வாங்கப் போயிற்று என்கிறது உத்தரவு. கடன் கொடுத்தவை அரசு நிதி நிறுவனங்கள். ஆயிரக்கணக்கான டிரைவர்கள் ஒரே ராத்திரியில் தெருவில் நின்றார்கள். கார் நின்றது, சோறும் நின்றது.

செம்பூர்ப் பக்கம் இருக்கிற நம் உறுப்பினர் ஒருவர் வேறொரு கம்பெனியில் இப்படி மின்சாரக் கார் ஓட்டினார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சார்ஜ் நிலையத்தில் வரிசையில் நின்ற நேரம் கணக்கில் வராது. நிர்ணயித்த ட்ரிப் முடியாவிட்டால் கூலியில் பிடித்தம். பம்பரில் கீறல் விழுந்தால் அதற்கும் பிடித்தம். ஒப்பந்தம் இங்கிலீஷில் பதினெட்டுப் பக்கம். அவர் படித்தது ஏழாம் வகுப்பு. ஆறு மாதத்தில் விட்டுவிட்டு வந்தார். டெபாசிட் பணம் இன்னும் வரவில்லை. “கார் சத்தமே போடாது அண்ணே, நாமும் சத்தம் போடக்கூடாது என்கிறார்கள்” என்று அவர் சொன்னது நம் காதில் நிற்கிறது.

பர்மிட்டும் பேட்ஜும் சொந்தமாக வைத்திருந்தவனைக் கூலிக்காரனாக்குவதற்குச் சுற்றுச்சூழல் ஒரு சாக்கு ஆகிவிடக் கூடாது.

மூத்த தோழருக்கு ஒரு வார்த்தை

இவ்வளவும் கேட்டுவிட்டு மூலையில் இருந்த பெரியவர் “பார்த்தாயா, நான் சொன்னேனே” என்று மீசையைத் தடவுவார். அய்யா, கொஞ்சம் பொறுங்கள். உங்களோடும் நமக்கு வழக்கு இருக்கிறது.

பணக்காரன் விளையாட்டுச் சாமான் என்று ஒதுங்கினால் என்ன ஆகும்? 2024-25இல் இந்தியாவில் விற்ற மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சார வண்டிகள். கார்களில் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஏழை எங்கே மாற மறுத்தான்? கட்டுப்படியாகிற இடத்தில் ஏழைதான் முதலில் மாறியிருக்கிறான்! காய்கறி ஏற்றுகிறவனும், வீடு வீடாகச் சாமான் கொண்டுபோகிற பையனும் மின்சார வண்டியில்தான் போகிறார்கள்.

பேட்டரி விலையும் இறங்கிக்கொண்டே வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி உலகச் சந்தையில் 2010இல் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. 2024இல் சுமார் 115 டாலர். இந்த மூன்று லட்ச வித்தியாசம் நாளைக்கு இரண்டாகும், பிறகு ஒன்றாகும். சி.என்.ஜி.யும் சொர்க்கம் அல்ல. 2025 நவம்பரில் டிராம்பேயில் எரிவாயுக் குழாய் சேதமானபோது மும்பை பங்குகளில் நம் டிரைவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது மறந்துவிட்டதா?

2023 அக்டோபரில் கடைசி பிரீமியர் பத்மினி டாக்சி ரோட்டை விட்டுப் போனது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள், கண்ணீர் விட்டார்கள். அந்த வண்டியை ஓட்டியவர் மறுநாள் என்ன செய்தார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அடுத்த மாற்றமும் அப்படித்தான் வரும். நாம் மூலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தால், பர்மிட்டெல்லாம் கம்பெனி கைக்குப் போன பிறகுதான் எழுந்திருப்போம். மாற்றத்தைத் தடுப்பது நம் வேலை அல்ல. அதன் செலவை நம் தலையில் ஏற்றாமல் தடுப்பதுதான் நம் வேலை.

காருக்கு முன்னால் பஸ்

நம் குடும்பங்களில் கார் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பஸ்ஸில் போகிறவர்கள்தான் எல்லாரும். ஒரு பஸ் மின்சாரத்தில் ஓடினால் ஐம்பது பேருக்குப் புகையில்லாத பயணம். ஒரு காலத்தில் நாலாயிரத்துக்கு மேல் ஓடிய பெஸ்ட் பஸ்கள் 2025இல் மூவாயிரத்துக்கும் குறைந்துவிட்டன. அவற்றிலும் பெரும்பாலானவை ஒப்பந்தக்காரர்களின் வண்டிகள். 2025 மே மாதம் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆனது, ஏ.சி. பஸ்ஸில் 6 ரூபாய் 12 ஆனது. வீட்டு வேலைக்குப் போகிற நம் சகோதரி இரண்டு பஸ் மாறிப் போனால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். சீமான் காருக்கு இருபது லட்சம் விட்டுக்கொடுக்க முடிகிற நாட்டில், அவருடைய பஸ்ஸுக்கு ஐந்து ரூபாய் விட்டுக்கொடுக்க முடியவில்லையாம்!

நமது கோரிக்கைகள்

ஆகவே டிரைவர் கிளையின் அடுத்த கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக வைக்கிறோம்.

1. டாக்சி, ஆட்டோ ஸ்டாண்டுகளிலும், ரயில் நிலைய வாசல்களிலும், மாநகராட்சி வாகன நிறுத்தங்களிலும் அரசு செலவில் சார்ஜ் வசதி வேண்டும். பேட்ஜ் உள்ள டிரைவருக்கு அங்கே யூனிட் விலை வீட்டு விலையைத் தாண்டக் கூடாது.

2. குடிசை மாற்றுக் கட்டிடங்களிலும், இடித்துக் கட்டும் சால்களிலும் வாகனம் நிறுத்த இடமும் பொது மீட்டரும் கட்டாயமாக்க வேண்டும். தாராவியில் இன்றைக்கு வரைபடம் போடும்போதே இது சேர வேண்டும்.

3. விலை உச்சவரம்பு வைத்து, அதற்கு மேற்பட்ட மின்சாரக் கார்களுக்கு 5 சதவீத வரிச் சலுகையை நிறுத்த வேண்டும். அந்தப் பணத்தில் சொந்தமாக ஓட்டும் டிரைவருக்கு அரசு வங்கி மூலம் குறைந்த வட்டிக் கடன் தர வேண்டும். மானியம் ஷோரூமிலேயே விலையில் கழிய வேண்டும்.

4. வாடகை வண்டியின் பேட்டரி உத்தரவாதம், எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும், கடன் முடியும்வரை இருக்க வேண்டும்.

5. கம்பெனிக் கார் ஓட்டுகிறவருக்கு அவருக்குத் தெரிந்த மொழியில் ஒப்பந்தம், சார்ஜ் நேரமும் வேலை நேரம், டெபாசிட்டுக்கு அரசு பொறுப்பு.

6. மின்சார பஸ்கள் பெஸ்டின் சொந்த பஸ்களாக, நிரந்தரத் தொழிலாளரோடு ஓட வேண்டும்.

7. இவை நடக்கும்வரை சி.என்.ஜி. டாக்சிக்கும் ஆட்டோவுக்கும் நாள் குறிக்கக் கூடாது.

இவற்றை நாம் மட்டும் தனியாகக் கேட்டு வாங்க முடியாது. மராட்டியத் தோழரும், உத்தரப் பிரதேசத்துத் தோழரும், பீகார்த் தோழரும் அதே ஸ்டாண்டில் நம் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிறார்கள். அவர்களுக்கும் இதே கோலி, இதே கடன். அவர்கள் சங்கங்களுக்கும் இந்தக் கோரிக்கைகளை மராத்தியிலும் இந்தியிலும் எழுதி அனுப்புகிறோம்.

நோட்டீஸ் வைத்திருக்கும் தம்பிக்குக் கடைசியாக ஒன்று. உன் ஆசை தவறல்ல. உனக்கு ராத்திரி கார் நிறுத்தச் சொந்த இடமும் தனி மீட்டரும் இருந்தால் தாராளமாக வாங்கு. நாமே வந்து மாலை போடுகிறோம். இல்லையென்றால் கையெழுத்துப் போடுமுன் அந்தக் காகிதத்தைச் சங்க அறைக்கு எடுத்து வா. ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு மேல் நாம் இருப்போம். பென்சிலும் காகிதமும் நம்மிடம் இருக்கிறது. உன் மனைவியையும் அழைத்து வா.

காலி-பீலியை மட்டும் அதற்குள் விற்றுவிடாதே.